விராலிச் செடி: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்கும் திருக்குறுங்குடிக்கும் இடையில், மலையடிவாரத்தில், எங்களுக்குக் கொஞ்சம் பரம்பு நிலம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டில் விராலி தானாக முளைத்துக் கிடக்கிறது. வேலியோரம் நானே நட்டு வளர்த்ததும் உண்டு. கால் பிசகினால் இலை கேட்டு வருவார்கள், வேலி போடுகிறவர்கள் விதை கேட்டு வருவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகிறது, மீதி மாறிப்போகிறது. அதனால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, விராலி விராலின்னு சொல்லுதாவளே, அது எந்தச் செடி? எப்படிக் கண்டுபிடிக்க?

தூரிலிருந்தே பல கொப்புகளாகப் பிரிந்து, ஆள் உயரத்துக்கு நிற்கும் புதர். நல்ல இடம் கிடைத்தால் சின்ன மரமாகவே ஆகிவிடும். இலை ஒரு விரல் நீளம் இருக்கும். காம்புப் பக்கம் ஒடுங்கி, நுனிப் பக்கம் கொஞ்சம் அகலும். தனியாகக் காம்பு என்று பெரிதாகத் தெரியாது. கொப்பில் இலைகள் மாறி மாறி வரும், எதிரெதிரே வராது. இளந்தளிரைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், வெயிலில் வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கும். முதிர்ந்த தண்டில் பட்டை மெல்லிய நாராக உரிந்து தொங்கும்.

சந்தேகம் இருந்தால் காயைப் பாருங்கள். காகிதம் மாதிரி மெல்லிய இறக்கைகள் இரண்டோ மூன்றோ வைத்த காய் கொத்துக் கொத்தாக இருக்கும். முதலில் பச்சை, அப்புறம் இளஞ்சிவப்பு, காய்ந்ததும் வைக்கோல் நிறம். காற்றடித்தால் சலசலக்கும். இந்தக் காயைப் பார்த்துவிட்டால் வேறு செடியோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

தாவரவியலில் டோடோனியா விஸ்கோசா என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரெம்பர்ட் டோடோன்ஸ் என்ற மருத்துவரின் நினைவாக முதல் பாதி. 'விஸ்கோசா' என்றால் பிசுபிசுப்பானது. நம் கையில் ஒட்டுகிற அதே பிசின்தான் பெயரிலும் ஒட்டியிருக்கிறது.

எங்க ஆச்சி வெலாரிம்பா. புஸ்தகத்துல விராலின்னு இருக்கு. ஒருத்தர் விறலின்னு எழுதியிருக்காரு. எது சரி?

வெலாரி, விராலி இரண்டும் இதே செடிதான், ஊருக்கு ஊர் வாய்வழக்கு மாறுகிறது. ஆச்சி சொன்னதை மாற்ற வேண்டாம். ஆனால் வல்லின 'ற' போட்டு விறலி என்று எழுதினால் பொருளே வேறு. சங்கப் பாடல்களில் விறலி என்பவள் பாணர்களோடு ஊர் ஊராகப் போகிற ஆடல் மகள். செடிக்கு இடையின 'ர', அதுவும் நெடிலாக 'ரா'.

புதுக்கோட்டை மாவட்டத்தில் முருகன் கோயில் இருக்கிற விராலிமலைக்கு, இந்தச் செடி அங்கே நிறைய இருந்ததால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள்.

நம்ம பக்கம் எங்க கிடைக்கும்? குற்றாலம் போனா இருக்குமா?

அருவிக்கரையில் தேடாதீர்கள். இது ஈரத்துக்கு ஏங்குகிற செடி இல்லை. மலைமேல் சோலைக்காட்டில் மரங்கள் கூரை போட்ட மாதிரி நிற்கும், அந்த நிழலிலும் வராது. தேட வேண்டிய இடம் மலைக்கும் வயலுக்கும் நடுவே உள்ள வறண்ட சரிவு. திருக்குறுங்குடியிலிருந்து மலை நம்பி கோயிலுக்கு ஏறுகிறவர்கள் கவனித்திருப்பார்கள். கீழே முள்ளும் புதரும் பாறையும், மேலே போகப் போகக் குளிர்ந்த காடு. விராலிக்குக் கீழ்ப்பகுதிதான் பிடிக்கும்.

அது போக, ஊர்ப்புறத்துப் பொத்தைகள், அதாவது சின்னப் பாறைக் குன்றுகள். மண்ணே இல்லாத மாதிரி தெரியும் பாறை இடுக்கில், சரளை மேட்டில், செம்மண் ஓடை விளிம்பில் நிற்கும். தண்ணீர் தேங்குகிற களிமண்ணில் மட்டும் பார்க்க முடியாது.

சித்திரை வெயில்ல பொத்தையில புல்லே கருகிக் கிடக்கு, இது மட்டும் எப்படிப் பச்சையா நிக்கு?

இதைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், செடியை உற்றுப் பார்த்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள். வறண்ட காட்டில் பாதி மரங்கள் கோடைக்கு இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும். விராலி உதிர்க்காது, வருடம் முழுக்க இலை இருக்கும். அதற்கு அது செய்துகொண்ட ஏற்பாடுதான் முதலில் சொன்ன பிசின். இலைமேல் மெல்லிசாகப் படிந்து, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. மினுமினுப்பு இருப்பதால் வெயிலில் ஒரு பங்கு பட்டுத் திரும்பிவிடும். இலை குறுகலானது, தோல் மாதிரித் தடித்தது. வேர் பாறை வெடிப்புக்குள் இறங்கி, நம் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தேடிப் பிடிக்கும்.

நம் பக்கத்துப் பருவத்தையும் சேர்த்து யோசியுங்கள். தென்மேற்குப் பருவ மழையைப் பெரும்பாலும் மலை மறித்துக்கொள்கிறது. அடிவாரத்துக்கு ஆனி, ஆடியில் காற்றும் எப்போதாவது சாரலும்தான். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாத ஈரத்தை வைத்து மீதி வருடத்தை ஓட்டுகிற செடிதான் இங்கே நிலைக்கும்.

பூவே பாத்ததில்லையே, பூக்குமா பூக்காதா? எங்க வீட்டு மூடு அஞ்சு வருஷமாச்சு, காயே பிடிக்கல.

பூக்கும். ஆனால் இதழே இல்லாத, மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிப் பூ. தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் கூப்பிட்டு வேலை வாங்குகிற செடிக்குத்தான் இதழும் நிறமும் தேவை. விராலிக்கு மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று. அதனால் அலங்காரம் இல்லை.

காய் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: விராலியில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. உங்கள் வீட்டில் நிற்பது ஆணாக இருக்கலாம். பெண்ணாக இருந்தாலும் பக்கத்தில் ஆண் இல்லாவிட்டால் விதை பிடிக்காது. ஒரே செடியில் இரண்டு வகைப் பூவும் வருவது உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. மூன்று நான்கு செடி சேர்த்து வையுங்கள்.

அரளியும் இதுவும் ஒண்ணா? பேரு ஒரே மாதிரி கேக்குதே.

இல்லவே இல்லை. இந்த ஒரு பதிலையாவது நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அரளி உயிரை எடுக்கிற விஷம். செவ்வரளியிலும் வெள்ளரளியிலும் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும். மஞ்சள் அரளியும் அப்படித்தான், அதன் கொட்டை இன்னும் மோசம். விராலி என்று யாரோ சொன்னதை அரளி என்று காதில் வாங்கிக்கொண்டு, அரளி இலையைப் பறித்து வந்த ஒரு அம்மாவை நான் என் கண்ணால் பார்த்தேன். வதக்கிக் கட்டத்தான் கேட்டு வந்தார். யாராவது கஷாயம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வித்தியாசம் சொல்கிறேன். செவ்வரளி, வெள்ளரளியில் ஒரு கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை சுற்றி நிற்கும். மஞ்சள் அரளியில் இலை விராலி மாதிரியே மாறி மாறித்தான் வரும், ஏமாற்றுவது அதுதான். ஆனால் கிள்ளினால் பால் வடியும். விராலியைக் கிள்ளினால் பால் வராது, பிசின்தான் ஒட்டும். அரளிக்குப் பெரிய நிறமான பூ, விராலிக்குப் பொடிப் பூ. மஞ்சள் அரளிக்குச் சதைப்பற்றான உருண்டைக் காய், விராலிக்குக் காகித இறக்கை. காயோ பூவோ இல்லாத காலத்தில் சந்தேகம் வந்தால் பறிக்கவே வேண்டாம்.

ஆடு தின்னுமா? வேலியில வச்சா மொட்டையடிச்சிராதா?

தின்னாது என்றே வைத்துக்கொள்ளலாம். கசப்பும் பிசினும் ஆட்டுக்கு ஆகாது. பொத்தையில் நாள் முழுக்க ஆடு மேய்ந்தும் விராலி மட்டும் அப்படியே நிற்பது அதனால்தான். புதிதாக முளைத்த நாற்றை மிதித்துப் போடும், அந்த முதல் வருடம் மட்டும் காவல் வேண்டும்.

வறட்சியில் தீவனம் இல்லையென்று வெட்டிப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். இதில் சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது, மாடு அதிகமாகத் தின்றால் கேடு. நுரைக்கும் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், நாம் தலைக்குத் தேய்க்கிற பூந்திக்கொட்டையும் இதே குடும்பம்தான். கொடியாகப் படர்கிற முடக்கத்தானும், லிச்சிப் பழமும்கூட இதன் சொந்தக்காரர்கள்.

பச்சை விராலி எரியும்னு எங்க தாத்தா சொல்வாரு. நெசமா?

நிஜம். வெட்டின அன்றைக்கே அடுப்பில் வைத்தாலும் இலையோடு படபடவென்று பிடித்து எரியும், பிசின்தான் காரணம். மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்டின காலத்தில் இது பெரிய உதவி. கட்டையும் கெட்டியானது, கனமானது. மண்வெட்டிக்கும் கோடாரிக்கும் காம்பு போட, கைத்தடி செய்ய, தக்காளிக்கு ஊன்றுகோல் வைக்க ஆகும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் இதன் கட்டையில் ஆயுதம் செய்தார்கள் என்றால் உறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரியும் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓலைக் கூரைக்கும் வைக்கோல் படப்புக்கும் பக்கத்தில் விராலி வேலி வைக்காதீர்கள்.

கால் பிசகிட்டு, வீங்கியிருக்கு. இலையை எப்படிப் போட்டுக் கட்டணும்?

என்னிடம் அதிகமாக வருகிற கேள்வி இது. விராலி இலையைச் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் கட்டுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். இரண்டு கை இலையை உருவி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, சிறு தீயில் துவளுகிற வரைக்கும் வதக்க வேண்டும். கருகக் கூடாது. பழைய பருத்தித் துணியில் முடிந்து, முதலில் நம் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். அப்புறம் அதே இலையை வீங்கின இடத்தில் பரப்பி, துணியைத் தளர்வாகச் சுற்றி ஒரு ராத்திரி விடலாம். காலையில் எடுத்துப் போட்டுவிட வேண்டும். அதே இலையைத் திரும்பச் சூடு பண்ணிக் கட்டுவது எங்கள் வீட்டில் கிடையாது.

பெரும்பாலானவர்கள் தவறு செய்கிற இடம் நேரம். அடிபட்ட உடனே சூடு வைக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடு வைத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். முதல் இரண்டு நாள் ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது, ஈரத்துணி அல்லது துணியில் சுற்றின ஐஸ். அதற்கு அப்புறம்தான் இலை.

தோல் கிழிந்த இடத்தில் கட்டாதீர்கள். சிலருக்குப் பிசின் பட்டால் அரிக்கும், முதலில் சின்ன இடத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்து காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடமே வேண்டாம், வெந்துபோவது அவர்களுக்குத் தெரியாது.

அப்படின்னா எலும்பு ஒடிஞ்சாலும் இதைக் கட்டலாம்லா? முந்தியெல்லாம் அப்படித்தானே செஞ்சாவ?

முந்தி எக்ஸ்ரே இல்லை. இப்போது இருக்கிறது. ஒடிந்திருக்கிறதா, வெறும் பிசகா என்று கையால் தடவிச் சொல்ல முடியாத அடிகள் நிறைய உண்டு. காலை ஊன்றவே முடியவில்லை, உருவம் கோணியிருக்கிறது, எலும்பைத் தொட்டாலே உயிர் போகிறது என்றால் முதல் வேலை எக்ஸ்ரே.

எங்கள் தெருவில் ஒரு பையன் சைக்கிளிலிருந்து விழுந்தான். முன்கை. கட்டுப்போடும் இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். இலையை வைத்து, மூங்கில் பத்தை கொடுத்து, இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க அழுதான். வலித்தால்தான் எலும்பு கூடும் என்று சொல்லியிருந்ததால் வீட்டில் பொறுக்கச் சொன்னார்கள். விடியும்போது விரல்கள் வெளிறி, ஜில்லென்று இருந்தன. ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் இரண்டு விரல் முழுதாக மடங்காது. அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம், அன்று சாயங்காலமே நான் போய்ப் பார்த்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இலைமேல் குற்றம் இல்லை, இறுக்கத்தில்தான். அடிபட்ட கை உள்ளுக்குள் வீங்கிக்கொண்டே போகும். வெளியே கட்டு விரிந்துகொடுக்காவிட்டால் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். எந்தக் கட்டாக இருந்தாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகவே இருந்தாலும், விரல் மரத்துப்போவது, குளிர்ந்துபோவது, நிறம் மாறுவது, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது இதில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே அவிழ்க்கக் கூட்டிப்போங்கள். எலும்பு கூடி, டாக்டர் கட்டைப் பிரித்த பிறகு மிச்சமிருக்கிற விறைப்புக்கு வேண்டுமானால் முந்தின பதிலில் சொன்ன ஒத்தடம் கொடுக்கலாம்.

கஷாயம் வச்சுக் குடிச்சா மூட்டுவலி போகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

எனக்கும் வந்தது. நான் குடிக்க மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். ஆட்டைப் பற்றிச் சொன்னபோது சப்போனின் என்று சொன்னேன் அல்லவா, அது மனிதன் வயிற்றுக்கும் பொருந்தும். சில நாடுகளில் இந்தச் செடியை நசுக்கித் தண்ணீரில் போட்டு மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, பொய் இல்லை. இலையில் ஃபிளவனாய்டுகள், டைட்டர்பீன்கள் போன்ற பொருட்களைப் பிரித்து, எலிகளிடம் வீக்கம் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எலிக்குக் கொடுத்தது அளந்து பிரித்தெடுத்த சாறு. அதை வைத்து நம் வீட்டுச் சட்டியில் எத்தனை இலை, எத்தனை நாள் என்று கணக்குப் போட முடியாது.

உள்ளுக்குச் சாப்பிட ஆசைப்பட்டால் படித்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள். நமக்குப் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும் சின்னப் பிள்ளைகளும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

வயலுக்குக் குழையா, தழை உரமா மிதிக்கலாமா?

மிதிக்கலாம். தழைச்சத்துக்குக் கொளுஞ்சி அளவுக்கு வராது. கொளுஞ்சி பயறு இனம், காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். விராலிக்கு அந்த வித்தை கிடையாது, இலையும் மெதுவாகத்தான் மட்கும். இளங்கொப்பாக வெட்டி, நடவுக்கு முன்னால் நாள் கொடுத்துத் தொழிச் சேற்றில் அமுக்க வேண்டும்.

விதை போட்டேன், ஒண்ணுகூட முளைக்கல. என்ன தப்பு செஞ்சேன்?

விதையை அப்படியே போட்டிருப்பீர்கள். விராலி விதை கருப்பாக, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மேல்தோல் தண்ணீர் உள்ளே போக விடாது. மழை பெய்தாலும் பல விதைகள் வருடக்கணக்கில் மண்ணில் அப்படியே கிடக்கும். காட்டில் தீ வந்தோ வெயிலில் வெந்தோ அந்தத் தோல் விட்டுக்கொடுத்தால்தான் முளைக்கும். தீப்பிடித்த சரிவில் அடுத்த மழைக்கு விராலி நாற்று கூட்டமாக வருவதற்குக் காரணம் இதுதான்.

நாம் அந்தத் தீயின் வேலையைச் சுடுதண்ணீரால் செய்கிறோம். காயைக் கையில் கசக்கி, முறத்தில் புடைத்து இறக்கையை நீக்குங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கினதும் விதை மேல் ஊற்றி அப்படியே மறுநாள் வரை ஊற விடுங்கள். அடுப்பில் வைத்து வேக வைத்துவிடாதீர்கள். ஊறி உப்பினது அடியில் கிடக்கும், மிதக்கிற சொத்தையைக் கொட்டிவிடலாம். செம்மண், மணல், கொஞ்சம் மக்கின எரு கலந்த பையில் கால் அங்குல ஆழத்தில் போட்டு, மண் காயாமல் தெளித்தால் இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். எனக்குப் போட்டதில் பாதி வந்தாலே நல்ல வருடம்.

வேலிக்கு எத்தனை அடிக்கு ஒண்ணு? தண்ணி எவ்வளவு?

நெருக்கமான வேலி வேண்டுமென்றால் இரண்டடிக்கு ஒன்று, இரண்டு வரிசை, முக்கோணமாக மாற்றி நடுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்ததும் நட்டால் பாதி வேலையை மழையே செய்துவிடும். முதல் கோடைக்கு வாரம் ஒரு குடம். அடுத்த கோடையிலிருந்து மறந்துவிடலாம். இடுப்பு உயரம் வந்ததும் நுனியை வெட்டுங்கள், அப்போதுதான் அடி அடர்த்தியாகும். வெட்ட வெட்டத் துளிர்க்கிற செடி. ஆனால் இலையே இல்லாத கிழட்டுக் கட்டை வரைக்கும் மொத்தமாக வெட்டினால் சில சமயம் எழும்பாது, கொஞ்சம் பச்சை விட்டு வெட்டுங்கள்.

முள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்றியை இது நிறுத்தாது. காற்றை நிறுத்தும், மண்ணை நிறுத்தும்.

காட்டுலதான் நிறைய இருக்கே, சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போறப்ப நாலு கொப்பு ஒடிச்சிட்டு வந்தா என்ன?

வேண்டாம். அந்தக் கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே செடி, கொடி, விறகு எதை எடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிற இடத்தில் ஆளுக்கு நாலு கொப்பு என்றால் ஒரு சரிவே மொட்டையாகிவிடும். கும்பிட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வாருங்கள். சொந்த நிலத்திலோ, கேட்டுக்கொண்டு அடுத்தவர் நிலத்திலோ எடுக்கலாம். அதுவும் ஒரே மூட்டில் உருவாமல் நாலைந்து மூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக.

இது ஆஸ்திரேலியாச் செடின்னு ஒருத்தர் சொன்னாரு. அப்ப சீமைக்கருவேலம் மாதிரி புடுங்கிப் போட வேண்டியதுதானா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. டோடோனியா இனங்கள் சுமார் 70 இருக்கின்றன, மிகப் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில்தான். ஆனால் நம் விராலியை யாரும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. மனிதன் கை படுவதற்கு வெகு காலம் முன்பே இது கடல் வழியாக உலகத்தின் வெப்பப் பகுதிகளில் பரவிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இதே செடி தானாக வளர்கிறது. ஹவாய்த் தீவில் இதன் சிவந்த காயை மாலையில் வைத்துக் கட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறின ஐரோப்பியர்கள் பீர் காய்ச்சும்போது கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் என்ற பூ கிடைக்காமல் இந்தக் காயைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் ஹாப் புஷ் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். சீமைக்கருவேலத்தையும் உண்ணிச் செடியையும் அமெரிக்கப் பக்கத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவந்து பரப்பினார்கள். விராலி அந்தக் கணக்கில் வராது.

பொத்தையில விராலி மட்டும் மண்டிக் கிடந்தா அந்த இடம் நல்லாருக்குன்னு அர்த்தமா, கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

கஷ்டமான கேள்வி. நான் இப்படிப் பார்க்கிறேன். அளவுக்கு மேல் மேய்ந்து, விறகு வெட்டி, தீ வைத்து, மேல்மண் ஓடிப்போன சரிவில் மற்றதெல்லாம் தோற்ற பிறகு நிற்பது விராலி. ஆடு தொடாது, தீக்குப் பின்னும் விதை முளைக்கும், மண் இல்லாமலும் வாழும். எனவே விராலி மட்டுமே இருக்கிறது என்றால் அந்தச் சரிவு நிறைய அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் மிகுந்த சில பகுதிகளில் இது புல்வெளியை மூடுவதால் களையாகவே பார்க்கிறார்கள்.

அதற்காகப் பிடுங்கினால் மிச்ச மண்ணும் அடுத்த கார்த்திகை மழையில் குளத்துக்குள் போய்விடும். விராலி நிற்கிற இடத்தில் சருகு தங்குகிறது, நிழல் விழுகிறது, பறவை உட்கார்ந்து வேறு விதை போடுகிறது. எங்கள் மேட்டில் விராலித் தூருக்கு உள்ளேதான் ஒரு காரைச் செடியும் இரண்டு வேம்பும் ஆட்டுக்குத் தப்பி வந்தன. ஐந்து வருடம் ஆடு விடாமல் வைத்தோம், அவ்வளவுதான் செய்தது. உங்கள் பொத்தையிலும் முதலில் மேய்ச்சலை நிறுத்திப் பாருங்கள். பொத்தையையே வெடி வைத்துக் குவாரிக்கு அள்ளுகிற இடத்தில் மட்டும் எந்தச் செடியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வழியாகப் போகும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கடையில காய்ஞ்ச இலைப் பொடி பாக்கெட் விக்காவளே, அதை வாங்கிக் கட்டலாமா?

பொடியான பிறகு அது விராலியா வேறு இலையா என்று உங்களாலும் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. அரளி பற்றி மேலே எழுதினதை நினைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கப் பச்சை இலை கிடைக்கிற செடிக்குப் பொடி எதற்கு?

விதை வேணும் அண்ணாச்சி, எப்ப வரட்டும்?

எங்கள் நிலத்தில் மழை முடிந்து, தை, மாசியில் காய் வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போது வாருங்கள். காற்று அதிகமான நாளில் வந்தால் பாதியைக் காற்றே கொண்டுபோயிருக்கும், காலையிலேயே வந்துவிடுங்கள். துணிப்பை கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக்கில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பெண் செடி எது, ஆண் செடி எது என்று பூக்கிற நாளிலேயே கொப்பில் துணி கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன், காட்டித் தருகிறேன்.